எட்டு மாதம் பிந்திய குரல்

கம்பளி இன்னும் காயவில்லை. மூன்று நாளாக அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். ஆனி மழையில் குன்னூரில் எதுதான் காய்கிறது? ஈரக் கம்பளி வாசனை வீடு முழுக்க நிற்கிறது. அது மூக்கில் ஏறும்போதெல்லாம், அதற்குள்ளே நீ உட்கார்ந்து தொண்டையைச் செருமுகிறாய் என்று தோன்றுகிறது. நேற்று சோறு வடிக்கும்போது இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டேன். "எமனே வந்தாலும் டீ குடிச்சிட்டுப் போன்னு சொல்லுவான் மகேசு" என்று எஸ்டேட் முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நீ. இப்போது வந்து பார்.

கம்பளியைக் கொண்டுவந்தது உன் அம்மா. கூரை ஒழுகி நனைந்துவிட்டதாம், என் வீட்டில்தான் விறகு அடுப்பு இருக்கிறதாம். எல்லாம் சாக்கு. குடையை மடக்காமலே வாசலில் நின்றார்.

"மகேசு, வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்கு அந்தத் தொடரு முடியுதாம். கடைசி நாளு. நீ நம்ம ஊட்டுக்கு வந்துரு சாமி."

"ஆபீசுல வேலை கெடக்குதுங்கம்மா."

"சனிக்கிழமை உங்களுக்கு அரை நாளுதான? எங்கிட்டயே பொய் சொல்றியா? ஒருத்தியா உக்காந்து நான் அதைப் பாக்க மாட்டேன்."

முப்பது வருடம் இலை பறித்தவருக்கு எஸ்டேட் ஆபீஸ் கிளார்க்கின் நேரம் தெரியாதா? வருகிறேன் என்று தலையாட்டினேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கம்பளியைக் கொடியில் போட்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு உன் குரலைக் கேட்கப் பயம். போன மாதம் பஸ் நிலையத்து டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். மேலே மூலையில் டிவியில் தொடரின் பழைய பாகம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நீ குரல் கொடுத்த, செம்பட்டைத் தலைமுடிக்கார அமெரிக்கப் பையன் திரும்பிப் பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணலம்மா, என்னை நம்பு" என்றான். உன் குரல். நீ பதினாறு வயதில் பேசியது, கரகரப்போடு. டீயை அப்படியே வைத்துவிட்டு மழையில் இறங்கி நடந்துவிட்டேன். கடைக்காரர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. உன்னைக் குழியில் இறக்கி மண் போட்டவன் நான். அந்தக் கைகளோடு அங்கே எப்படி நிற்பது?

உன் அம்மாவோ ஒருநாள்கூடத் தொடரைத் தவறவிடவில்லை. தினமும் ஐந்து மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். "எம் பையன் பேசறான், கேக்கறேன். இதுல என்ன பயம்?" என்கிறார்.

அந்த அமெரிக்கப் பையனை நீ பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. உனக்கு அவன் 'நம்மாளு'. உனக்கும் அவனுக்கும் அப்போது பன்னிரண்டு வயது. சென்னையில் டப்பிங் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவருக்குக் கார் ஓட்டினார் உன் சித்தப்பா. மே மாத விடுமுறைக்கு நீ அங்கே போயிருந்தபோது, உன் குரலைக் கேட்டு அந்த முதலாளி உன்னை மைக் முன்னால் நிறுத்தினார். அமெரிக்கத் தொடரில் ஏணி கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பையன், இரண்டே பாகம். அந்த இரண்டு பாகத்தில் அவன் அமெரிக்காவில் எல்லாருக்கும் பிடித்துப்போனான். மூன்றாம் வருடம் கதையே அவனைச் சுற்றி வந்தது. அவன் வளர வளர உனக்கும் வேலை வளர்ந்தது. ஒவ்வொரு விடுமுறைக்கும் சென்னை போய்விட்டு, பவுடர் வாசனையும் புதுச் செருப்புமாகத் திரும்பி வருவாய். நாங்கள் சுற்றி நின்று, "நம்மாளு மாதிரிப் பேசுடா" என்போம். நீ எஸ்டேட் கேண்டீனில் போய் அவன் குரலில், "அங்கிள், எனக்கு ரெண்டு போண்டா கிடைக்குமா?" என்று கேட்பாய். கேண்டீன் அண்ணன் கரண்டியை ஓங்குவார்.

அவன் வாழ்க்கையை உனக்கு எழுத்தெழுத்தாகத் தெரியும். போனில் அவனுடைய பேட்டிகளைத் தேடித் தேடிப் பார்ப்பாய். அப்பா விட்டுவிட்டுப் போனவர், அம்மா உணவுக்கடையில் பாத்திரம் கழுவியவர், ஏழு வயதில் சோப்பு விளம்பரத்தில் வந்தவன், பதினேழு வயதில் அம்மாவுக்கு வீடு வாங்கிக் கொடுத்தவன். "அவனுக்கும் அப்பன் இல்லடா" என்று நீ முதல்முறை சொன்னபோது உன் முகத்தில் ஏதோ சொந்தக்காரனைக் கண்டுபிடித்த சந்தோஷம் இருந்தது. அந்தச் சொந்தம் எப்போது பயமாக மாறியது என்று யோசித்துப் பார்க்கிறேன். கை முறிந்த வருடமாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் சக்கரம் வைத்த ஸ்கேட்போர்டு பலகையிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். தொடரிலும் கட்டோடுதான் வந்தான். அதற்கு நீ குரல் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்த வாரம், பாசி பிடித்த படியில் வழுக்கி உன் இடது மணிக்கட்டு உடைந்தது. குன்னூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாய்.

"எட்டு மாசம்டா. அவன் நடிச்சு எட்டு மாசம் கழிச்சுத்தான் பாகம் நம்ம ஸ்டுடியோவுக்கு வருது. அவனுக்கு நடக்கறது எட்டு மாசம் கழிச்சு எனக்கு."

"அப்ப அவனுக்கு வீடு கெடச்சுதே, உனக்கு எங்கடா? எஸ்டேட் லைன் வீட்டுல இன்னொரு ரூம் சேத்துத் தரச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். ஆனால் எண்ணுவதை நிறுத்தவில்லை.

பத்தொன்பது வயதில் அவன் சினிமாவுக்கென்று தொடரை விட்டுப் போனான். படம் ஓடவில்லை. நீயும் அந்தச் சமயத்தில்தான் முகம் காட்டி நடிக்கலாம் என்று சென்னையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாய். "குரல் நல்லா இருக்கு தம்பி" என்பதோடு எல்லாரும் நிறுத்திக்கொண்டார்கள். அவன் தொடருக்கே திரும்பினான், முன்னைவிட மெலிந்து. ஸ்டுடியோவையும் இழுத்து மூடிவிட்டார்கள். நீ ஒரு மைக்கையும் பழைய லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தாய். கடைசி வருடத்துப் பாகங்களை இங்கிருந்தே பேசி அனுப்பச் சொன்னார்கள் சேனல்காரர்கள்.

உன் வீட்டு உள்ளறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, நான்கு கம்பளிகளைத் தொங்கவிட்டுக் கூடாரம் போட்டோம். உள்ளே நீ, மைக், ஒரு சின்னத் திரை. வெளியே லேப்டாப்போடு நான். ஆபீஸ் முடிந்து வந்து பட்டனைத் தட்டுவது என் வேலை. மழை தகரக் கூரையில் இறங்கினால் வேலை நின்றுவிடும்; விடும்வரை உன் அம்மாவின் வரக்காப்பி. அந்த நாட்களில்தான் உன் தொழிலை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நீ அவன் உதட்டைப் பார்க்கவே மாட்டாய். தொண்டைக்குழியைப் பார்ப்பாய். அவன் மூச்சு இழுக்கிற அதே நொடியில் நீயும் இழுப்பாய், பிறகு வார்த்தை தானாக வந்து உட்காரும். "வாய் பொய் சொல்லும்டா, மூச்சு சொல்லாது" என்பாய்.

ஒருநாள் கம்பளியை விலக்கித் தலையை நீட்டினாய். முகம் வெளுத்திருந்தது.

"நம்மாளு சரியில்லடா."

"ஏன், நல்லாத்தான நடிக்கறான்?"

"சிரிக்கற சீன்லகூட மூச்சு நெஞ்சுக்கு மேலயே நிக்குது. கீழ எறங்கவே மாட்டேங்குது. எதுக்கோ பயந்துக்கிட்டே இருக்கான். அவன்கூடச் சேந்து இழுத்து இழுத்து எனக்கும் நெஞ்சு வலிக்குது."

நான் வெந்நீர் குடிக்கச் சொன்னேன். வேறென்ன சொல்லத் தெரியும் எனக்கு?

ஐப்பசியில் செய்தி வந்தது. மலைப்பாதையில் கார் உருண்டு அவன் இறந்துவிட்டான். இருபத்துநான்கு வயது. நீ போனை என்னிடம் நீட்டினாய். உன் அம்மாவிடம் சொன்னது நான்தான். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "யாரு பெத்த புள்ளையோ, எம் புள்ள தொண்டையில குடியிருந்தானே" என்று அழுதார். சாயங்காலம் சாமி படத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அகல் ஏற்றினார். அதைப் பார்த்து நீ, "அம்மா, அணைச்சுருங்க, எனக்கு வெச்ச மாதிரியே இருக்குது" என்று கத்தினாய். உன் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

மறுநாள் காலண்டரில் ஆனி மாதத்தைத் தேடி வட்டம் போட்டு வைத்திருந்தாய். எட்டாவது மாதம்.

அதன் பிறகு நீ நாலு சக்கர வண்டி எதிலும் ஏறவில்லை. பஸ்ஸில்லை, ஜீப்பில்லை. குன்னூருக்குப் போக வேண்டுமென்றால் தேயிலைக்குள்ளே குறுக்குப் பாதையில் இறங்கி, அதே வழியில் ஏறி வந்தாய். ஊரே கேலி செய்தது. நானும்தான் செய்தேன், எல்லாரையும்விட அதிகமாக.

ஆனால் என்னை அரிக்கிறது அந்தக் கேலி மட்டுமா? கார்த்திகையில் ஒரு சாயங்காலம் இருக்கிறது.

கடைசிப் பாகம். கதையில் அவன் ஏரியில் இறங்கி ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டுக் கரையில் சாகிறான். செத்துப்போனவன் சாவதற்கு நீ குரல் கொடுக்க வேண்டும். உங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டென்று முன்பே சொல்லியிருக்கிறாய். சாகிற காட்சியைப் பேசி முடித்தால், மைக்கை விட்டு நகராமல் சொந்தப் பெயரைச் சொல்லி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். "மைக்குல செத்தவன் மைக்குலயே எந்திரிக்கணும்" என்பாராம் உன் முதலாளி. அன்றைக்கு உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்துச் சொன்னாய்.

"முடிஞ்சதும் பட்டனை அமுத்திறாத. நான் பேரைச் சொல்லோணும். மறந்துறாத."

"சரிடா சரி, ஊரைக் கூட்டி மேளமே வெக்கறேன்."

பேசினாய். கம்பளிக்கு வெளியே நின்ற நான் லேப்டாப்பைப் பார்க்கக்கூட மறந்துவிட்டேன். கடைசி மூச்சு. அது அடங்கியது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஐந்தரை மணிக்கே கும்மிருட்டு, வெளியே மூடுபனி. லேப்டாப் திரையும் கறுத்திருந்தது. எல்லாம் நின்றுவிட்டது என்று நினைத்து, "கரண்ட் போச்சு, வெளிய வா, பேரும் சிரிப்பும் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மெழுகுவத்தி தேடச் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வெளிச்சம் வந்த பிறகுதான் தெரிந்தது, லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, திரை மட்டும்தான் தூங்கியிருக்கிறது. கடைசி மூச்சோடு வெட்டி, அன்றைக்கே அனுப்பியும் விட்டேன். அந்த அவசரம் எனக்கு எதற்கு? நீ மூலையில் உட்கார்ந்து கேட்டாய், "நான் பேரே சொல்லலியேடா மகேசு?"

"ரேசன் கார்டுல இருக்குது, போதும்."

நீ சிரிக்கவில்லை. அடுத்த நாள் மைக் முன்னால் போய் நின்று பார்த்தாய். "அதே சீன்ல சொல்லோணும், இப்பச் சொன்னாச் செல்லாது" என்று வெளியே வந்துவிட்டாய்.

பங்குனியில் நடந்தது. வெயில் காலம், ஓடைத் தண்ணீருக்குக் காட்டெருமைகள் தேயிலைக்குள் இறங்கி நிற்கும் மாதம். மூன்று மணிக்கு எஸ்டேட் வேனில் குன்னூரிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தோம். குறுக்குப் பாதை பிரியும் வளைவில் நீ பையோடு நின்றாய். டிரைவர் அண்ணன் நிறுத்தினார்.

"ஏறுங்க தம்பி. ஒத்தைக் காட்டெருமை ஓடைக்கிட்ட நிக்குதுன்னு காலைலயே சொன்னாங்க."

நான் கதவைத் திறந்து பிடித்தேன். நீ ஒரு காலைத் தூக்கி வைத்தாய். இருக்கையைப் பார்த்தாய். உன் தொண்டைக்குழி எனக்குத் தெரிந்தது; மூச்சு மேலேயே நின்றது. காலை எடுத்துவிட்டாய்.

"நீங்க போங்க அண்ணா. நான் பாத்து வந்தர்றேன்."

"விடுங்கண்ணா, அவனுக்கு நடந்து வர்றதா வேண்டுதல்" என்றேன் நான். வேனில் எல்லாரும் சிரித்தார்கள். கதவைச் சாத்தினேன். இறங்கி உன்னோடு நடந்திருக்கலாம். இருபது நிமிடப் பாதை.

இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் போட்ட சத்தம் ஃபேக்டரி வரைக்கும் கேட்டது. காட்டெருமை முட்டிப் போட்ட உன்னை ஜீப்பில்தான் தூக்கிக்கொண்டு போனோம், நீ ஏற மாட்டேன் என்ற ஜீப்பில். உன் தலை என் மடியில் இருந்தது. நான் உன் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்கு இரண்டு வளைவு இருக்கும்போது அது நின்றது.

எட்டு மாதக் கணக்கு தப்பாகப் போனது. ஐந்தாம் மாதமே நீ போய்விட்டாய். அவன் விதி உன்மேல் ஏறியதென்று சொன்னவர்களிடமெல்லாம் சண்டை போட்டேன். காருக்குப் பயந்து நடந்தாய், நடந்ததால் போனாய், அவ்வளவுதான் என்று சொன்னேன். பகலில் அதை நம்பவும் நம்பினேன். ஆனால் கண்ணை மூடினால் நீ கேட்பாய், நான் பேரே சொல்லலியேடா என்று. உன்னை எழுப்பாமல் மைக்குக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தவன் நான் என்று தோன்றும். இந்த ஆனி பிறந்ததிலிருந்து இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. உன் வட்டம் காலண்டரில் அப்படியே இருக்கிறதே, அது இனி யாருக்கு? இந்த மாதம் முழுக்க நானும் ஜீப்பில் ஏறவில்லை. குறுக்குப் பாதைக்கும் போகவில்லை. ஆபீசுக்கு ரோட்டோரமாகவே சுற்றி நடக்கிறேன். உன்னைக் கேலி செய்தவனுக்கு வந்த நிலைமை இது.

நேற்று சாயங்காலம் ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை உன் அம்மாவுக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு உட்காருவதைவிட, தனியாக ஒருமுறை கேட்டுவிடுவது மேல். உன் லேப்டாப் என்னிடம்தான் இருக்கிறது. வெட்டாத அந்தப் பதிவும் அதில் இருக்கிறது; ஏழு மாதமாக நான் அதைத் தொடவில்லை. ஈரக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காதில் மாட்டி ஓடவிட்டேன்.

ஏரிக்கரை. உன் கடைசி வார்த்தைகள். மூச்சு இரைந்து, தேய்ந்து, அடங்கியது. பின்னால் ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. என் குரல் தூரத்தில், கரண்ட் போச்சு வா என்றது. மூடிவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். அப்போது கம்பளி உரசும் சத்தம். நீ மூச்சை மேலே இழுத்து நிறுத்துவது கேட்டது. பிறகு உன் குரல், நம்மாளுடையது அல்ல, உன்னுடையது.

"மகேசு..."

சொந்தப் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். எட்டாவது மாதத்தில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பொய் சொல்வானேன், அலறிவிடுவேன் போலத்தான் இருந்தது.

"மகேசு, இருக்கியாடா?"

சமையலறைக்குள்ளிருந்து, தீப்பெட்டியை உரசிக்கொண்டே நான் பதில் சொல்கிறேன், அது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"இருக்கேன்டா. எங்க போவேன்?"

நீ மூச்சை விட்டாய். அது கீழே, வயிறு வரைக்கும் இறங்கியது. அந்த வருடம் முழுக்க இறங்காத மூச்சு. அப்புறம் சிரித்தாய். சின்னச் சிரிப்பு, போண்டா கேட்ட நாளில் சிரித்த மாதிரி.

கம்பளிக்குள்ளே உட்கார்ந்து, கிழவி மாதிரி வாய்விட்டு அழுதேன்.

இன்று சனிக்கிழமை. அஞ்சு மணிக்கு உன் வீட்டில் நானும் உன் அம்மாவும் பார்த்தோம். நம்மாளு கரையில் கிடந்து உன் மூச்சை விட்டபோது, அவர் என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது. எழுத்துகள் ஓடின. உன் பெயர் வரவில்லை, எப்போதுதான் வந்தது? டிவியை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து மிச்சத்தைப் போட்டுக் காட்டினேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். பிறகு வேறு யாரைப் பற்றியோ விசாரிப்பதுபோலக் கேட்டார்.

"பயந்துதான் உன்னையக் கூப்பிட்டிருக்கானா?"

"ஆமாங்கம்மா."

"நீ உடனே பதில் சொல்லீட்டியல்ல?"

"சொன்னேனுங்க."

"அது போதும் சாமி" என்றார்.

வேன் நின்ற வளைவிலும் நான் அப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது குறுக்குப் பாதையில் இறங்கினேன், பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக. மூடுபனி இடுப்பு வரைக்கும் ஏறியிருந்தது. ஓடைப் பக்கம் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. காட்டெருமையோ என் பிரமையோ, நின்றுவிட்டேன். பயம் போய்விட்டதென்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், என் தொண்டைக்குழியைப் பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடும். எவ்வளவு நேரம் நின்றேனோ. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஆனாலும், "இருக்கேன்டா" என்று சத்தமாகச் சொன்னேன். மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது. நடந்தேன்.